1200 அடி போதும்

அமெரிக்கத் துப்பாக்கிக் கடையில் வேட்டை ரிவால்வர் கேட்டு நிற்பவரிடம் விற்பவர் முதலில் காட்டுவது தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அட்டவணையைத்தான். குழல் வாயில் இத்தனை அடி-பவுண்டு ஆற்றல், 50 கஜத்தில் இத்தனை, 100 கஜத்தில் இத்தனை. எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய விலங்கு விழும் என்பது அந்த அட்டவணை சொல்லாமல் சொல்லும் செய்தி. கடந்த எழுபது ஆண்டு ரிவால்வர் வரலாறே இந்த ஏணியில் ஏறிய கதை. 1955 கடைசியில் .44 மேக்னம். 1957இல் பட்டறையில் பிறந்து 1983இல் கடைக்கு வந்த .454 கசூல். 2003இல் .500 ஸ்மித் அண்ட் வெசன். 2005இல் .460. வீட்டில் தோட்டா நிரப்பிக்கொள்கிறவர்களும் இந்த நம்பிக்கைக்கு வெளியே இல்லை. கடைத் தோட்டாவைவிட நூறு அடி வேகம் கூட வேண்டும் என்றுதானே நிரப்பும் கருவியே வாங்கினோம் என்பார்கள்.

விலங்கை வீழ்த்துவது ஆற்றல் எண் என்பதும் தவறு, கையால் நிரப்புவது வேகத்தைக் கூட்டுவதற்கு என்பதும் தவறு. முதல் தவறிலிருந்துதான் இரண்டாவது பிறக்கிறது. ஆகவே முதலில் அந்த எண்ணையே பிரித்துப் பார்த்துவிடுவோம்.

ஆற்றல் என்பது எடையைப் போல ஒரு மடங்கும், வேகத்தைப் போல வர்க்க மடங்கும் வளர்வது. குண்டின் எடையை இரட்டித்தால் எண் இரட்டிக்கும். வேகத்தை இரட்டித்தால் எண் நான்கு மடங்காகும். இயற்பியலில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அட்டவணை அச்சடிக்கும் நிறுவனத்துக்கு இது பெரிய வசதி: இலகுவான குண்டை வேகமாக எறிந்தால் போதும், எண் தானாக எகிறிவிடும். .460க்கு விற்கப்படும் 200 கிரெயின் எடையுள்ள குண்டு விநாடிக்கு 2200 அடி வேகத்தில் கிளம்புகிறது. கணக்கிட்டால் ஏறத்தாழ 2150 அடி-பவுண்டு. வலுவான .45 கோல்ட் ரிவால்வரில் 310 கிரெயின் குண்டை 1200 அடியில் அனுப்பினால் வருவது 990 மட்டுமே. அட்டவணைப்படி முன்னது பின்னதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பலசாலி. எடையையும் வேகத்தையும் பெருக்கி வரும் உந்தத்தைப் பார்த்தாலோ, பின்னது முன்னதில் 85 சதவீதம். ஒரே ஜோடித் தோட்டாக்கள்; எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒருமுறை மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், ஒருமுறை அண்டை வீட்டுத் தூரம்.

இந்த எண்ணை நம்பினால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சாட்சி உண்டு. கரமோஜோ பெல் என்று பெயர் பெற்ற ஸ்காட்லாந்துக்காரர் டபிள்யூ. டி. எம். பெல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். அந்தக் கணக்கை இன்று பெருமையாகச் சொல்ல முடியாது; ஆனால் அவர் பயன்படுத்திய தோட்டாவைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான யானைகளை வீழ்த்தியது 7 மில்லிமீட்டர் மவுசர். நீளமான 173 கிரெயின் உருக்குலையாத குண்டு, விநாடிக்கு 2300 அடி. ஆற்றல் 2030 அடி-பவுண்டு போல. யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்துக்கொண்டவர் அவர். இப்போது .460இன் பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். மானுக்காகச் செய்த, பட்டவுடன் மலர்ந்து சிதையும் அந்த 200 கிரெயின் குண்டு, பெல்லின் யானைத் தோட்டாவைவிட ஆற்றல் மிக்கது. அந்த ரிவால்வரோடு யானையின் முன் போய் நிற்க அட்டவணை எழுதியவர் வருவாரா?

மறுமுனையிலும் இதே கேலிக்கூத்துதான். கொலராடோ மாநில விதிப்படி கைத்துப்பாக்கியால் மானோ எல்க் என்ற பெரிய மானோ வேட்டையாட வேண்டுமானால் தோட்டா 50 கஜத்தில் 550 அடி-பவுண்டாவது தர வேண்டும். 1873 முதல் இருந்துவரும் .45 கோல்ட், 255 கிரெயின் குண்டை 900 அடியில் எறிவது. குழல் வாயிலேயே 460ஐத் தாண்டாது. ஆகவே அது தகுதியற்றது. மானின் நெஞ்சுக்கூட்டைக் குறுக்காகத் துளைத்து மறுபக்கம் வெளியேறிவிடும் தோட்டா அது என்று நூற்றைம்பது ஆண்டு அனுபவம் சொன்னாலும் விதிப்புத்தகத்துக்குக் காது கேட்காது. அதே கொலராடோவில் வில் வேட்டைக்கென்று தனிப் பருவம் இருக்கிறது. 400 கிரெயின் அம்பு 280 அடி வேகத்தில் போனால் ஆற்றல் 70 அடி-பவுண்டு. அதைக் கொண்டு முந்நூறு கிலோ எல்க்கைச் சட்டப்படி வீழ்த்தலாம், ஆண்டுதோறும் வீழ்த்துகிறார்கள். அம்பு கொல்வது கத்தி போல வெட்டி, குண்டு கொல்வது வேறு விதம் என்று பதில் வரும். அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடிக்கும். கொல்வது எந்த விதம் என்பதுதான் கேள்வி, எத்தனை அடி-பவுண்டு என்பது அல்ல என்று எதிராளியே ஒப்புக்கொள்கிறார் அல்லவா?

சரி, குண்டு எப்படிக் கொல்கிறது? உடலுக்குள் போகும் குண்டு இரண்டு வேலை செய்கிறது. தான் நேரடியாக நசுக்கிச் செல்லும் பாதை ஒன்று. அது நிரந்தரத் துளை. சுற்றியுள்ள தசையை ஒரு கணம் வெளியே தள்ளி விரிப்பது இன்னொன்று. அது தற்காலிகக் குழிவு. விநாடிக்கு 2000 அடிக்கு மேல் போகும் ரைஃபிள் குண்டில் அந்த விரிவு தசையின் நெகிழ்வைத் தாண்டிக் கிழித்துவிடும். ரிவால்வர் வேகத்தில் பெரும்பாலான தசை விரிந்து பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபாக்லர் 1980களில் சான் ஃபிரான்சிஸ்கோவின் லெட்டர்மன் ஆய்வு நிலையத்தில் ஜெலட்டின் கட்டிகளில் சுட்டுச் சுட்டு நிறுவியதன் சாரம் இதுதான். ஆற்றலைப் ‘பாய்ச்சிவிட்டதால்’ விலங்கு விழுந்தது என்ற விளம்பர வாசகத்துக்கு அந்தக் கட்டிகளுக்குள் இடமில்லை. ரிவால்வர்காரரின் கையில் இருப்பது துளை. அது எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், எந்த உறுப்பின் வழியாகப் போகிறது என்பவைதான் பேச்சு. .460 குண்டு ரைஃபிள் வேகத்தில் கிளம்புகிறதே என்றால், கிளம்புகிறதுதான். 100 கஜம் போய்ச் சேர்வதற்குள் அந்த எல்லைக்குக் கீழே இறங்கிவிடுகிறது.

துளையைத் தீர்மானிப்பது குண்டின் வடிவம். வார்த்த ஈயக் குண்டின் மூக்கு கூராகவோ உருண்டையாகவோ இருந்தால் தசை நழுவி வழிவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். மூக்கு தட்டையாக, அகலமாக இருந்தால் எதிரே இருப்பதை நசுக்கிக்கொண்டே போகும், எலும்பில் பட்டாலும் நேர்கோட்டை விடாது. குண்டு மலர வேண்டிய அவசியமில்லை; .44ம் .45ம் கிளம்பும்போதே அகலமானவை. நல்ல எடையுள்ள தட்டைமூக்குக் குண்டை 1000 முதல் 1200 அடியில் அனுப்பினால் மானின் நெஞ்சைத் தாண்டியும் வேகம் மிச்சமிருக்கும். இதற்கு மேல் கூட்டும் வேகம் விலங்குக்கு அப்பாலிருக்கும் மரத்தில் போய்ச் சேர்கிறது.

ஒன்றை மறுக்காமல் சொல்லிவிடுகிறேன். வெள்ளைவால் மானுக்கு, அதுவும் விலாவுக்குப் பின்னால் நுரையீரலில் சுடும்போது, செப்பு உறையிட்ட குழிமூக்குக் குண்டு அருமையாக வேலை செய்யும். மலர்ந்து அகலமான துளை போடும்; மான் தூரம் ஓடாது. கொலராடோ போன்ற இடங்களில் மலரும் குண்டுதான் சட்டம். அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் குழிமூக்குக் குண்டு ஒவ்வொன்றும் ஒரு வேக வரம்புக்குள் ஒழுங்காக மலரும்படி செய்யப்பட்டது. .44 மேக்னத்துக்கென்று வடித்த 240 கிரெயின் குண்டை இன்னும் இன்னும் விரட்டினால் அது தோளெலும்பிலேயே சிதறி, ஆழம் போகாமல் நின்றுவிடும். ஆற்றல் கூடக் கூடத் துளை ஆழம் குறைகிற இந்த விந்தையை அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? எல்க், கரடி என்று எலும்பும் தசையும் தடிக்கத் தடிக்க மலராத கனத்த ஈயக் குண்டின் பக்கம்தான் தராசு சாய்கிறது. அலாஸ்காவில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் பழுப்புக் கரடியை நினைத்து இடுப்பில் செருகிக்கொள்வதும் அதைத்தான்.

மேக்னம் மோகத்துக்குத் தந்தை என்று எல்மர் கீத் பெயரைச் சொல்வார்கள். ஐடஹோ மாநிலத்தின் சால்மன் ஊரில் வாழ்ந்த மாட்டுப்பண்ணைக்காரர், வேட்டை வழிகாட்டி, எழுத்தாளர். 1899இல் பிறந்து 1984இல் இறந்தவர். பழைய .45 கோல்ட் ஒன்றை அதிக வெடிமருந்தால் பிளந்துகொண்ட பிறகு, சிலிண்டர் சுவர் தடித்த .44 ஸ்பெஷலுக்கு மாறினார். அதற்கென்று தட்டைமூக்கும் கூரிய தோளும் கொண்ட 250 கிரெயின் குண்டை வரைந்தார். அந்த அச்சு இன்றும் வார்க்கப்படுகிறது. அந்தக் குண்டை 1200 அடியில் எறியும் தோட்டாவைத்தான் அவர் நிறுவனங்களிடம் ஆண்டுக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். ரெமிங்டன் செய்து கொடுத்த .44 மேக்னம் அதற்கும் மேலே வெகு தூரம் போனது. கேட்டவர் கேட்டது 800 அடி-பவுண்டு. கொடுத்தவர்கள் விளம்பரப்படுத்தியது 1100க்கு மேல். 1971இல் ‘டர்ட்டி ஹாரி’ படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் அந்த ரிவால்வரை நீட்டியதிலிருந்து கீத் உண்மையில் கேட்ட எண் யாருக்கும் நினைவில்லை. கீத் வாயடக்கம் உள்ளவர் அல்லர். 600 கஜத்தில் மான் சுட்ட கதையை எழுதி ஆயுள் முழுக்க வம்பில் மாட்டியவர். அப்படிப்பட்டவரே 1200ல் திருப்தியடைந்தார் என்பதைக் கவனியுங்கள்.

உதையைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே போகப் போக ரிவால்வர் உதைக்கும் உதை சுடுகிறவரைக் கெடுக்கிறது. .500ஐப் புதியவர் கையில் கொடுக்கும்போது அனுபவசாலிகள் ஒரே ஒரு தோட்டாவை மட்டும் போட்டுக் கொடுப்பார்கள். உதையில் கை குலுங்கி விரல் தன்னையறியாமல் விசையை மறுபடி இழுத்துவிடும், அப்போது குழல் வானத்தையோ தலையையோ பார்த்துக்கொண்டிருக்கும். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், வெடிக்கப் போகிறதே என்று விசையை இழுக்கும் முன்பே கண் மூடுவதும் மணிக்கட்டு இறுகுவதும் எல்லாருக்கும் வரும். வலிக்கும் துப்பாக்கியோடு யாரும் பயிற்சி செய்வதில்லை. ஆண்டுக்கு ஒரு பெட்டி சுடுகிறவரின் 2000 அடி-பவுண்டு, மானின் வயிற்றில் பட்டு அதை இரண்டு நாள் புதருக்குள் சாக விடும். வேட்டைக்கு இதைவிடப் பெரிய இழுக்கு கிடையாது.

இங்கேதான் கையால் நிரப்புவது வருகிறது. அது வேகத்தைக் கூட்ட அல்ல. துப்பாக்கிக்கும் சுடுகிறவருக்கும் பொருந்தும் தோட்டாவைச் செய்துகொள்ள. கடைத் தோட்டா எல்லார் துப்பாக்கிக்கும் பொதுவாகச் செய்தது. ஆனால் இரண்டு ரிவால்வர்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. குண்டு சிலிண்டர் அறையின் முன்வாயைக் கடந்து, இடைவெளியைத் தாண்டிக் குழலுக்குள் புக வேண்டும். முன்வாய் குழல் துளையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பதே நியாயம். 0.451 அங்குலக் குழலுக்கு 0.449 அங்குல முன்வாய் வைத்த .45 ரிவால்வர்கள் விற்கப்பட்டதுண்டு. அதில் ஈயக் குண்டைப் போட்டால் முன்வாயில் பிழியப்பட்டு ஒல்லியாகிக் குழலுக்குள் தளர்வாகப் போகும். ஓரமாக வெப்ப வாயு கசிந்து ஈயத்தை உருக்கிக் குழலில் பூசும். பத்தாவது சூடு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. முன்வாயை அளந்து, அதைச் சரியாக நிரப்பும் விட்டத்தில் குண்டை வார்த்து எடுப்பதுதான் நிரப்புகிறவரின் முதல் வேலை. வேகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது உலோகம். கெட்டி ஈயம் என்றால் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கையும் இந்த மோகத்தின் குழந்தைதான். பிரினெல் கடினத்தன்மை அளவில் தூய ஈயம் 5. ஈயம் 90, வெள்ளீயம் 5, ஆன்டிமனி 5 சேர்ந்த கலவை 15. பழைய அச்சகங்களின் லினோடைப் உலோகம் 22. லினோடைப்பில் வார்த்த குண்டு அழகாகப் பளபளக்கும், எலும்பில் பட்டால் கண்ணாடி போல உடையும். அதோடு மிதமான அழுத்தத்தில் அது அடிப்பக்கம் விரிந்து குழலை அடைக்காது; கெட்டிக் குண்டுதான் ஈயம் பூசும் என்பதைப் புதிதாக வார்க்கிறவர்கள் நம்ப மறுக்கிறார்கள். 1100 அடிக்கு 12 முதல் 15 வரை தாராளம்.

பிறகு வாய் மடிப்பு. கனத்த குண்டு, பலத்த உதை. துப்பாக்கி பின்னால் பாயும்போது சிலிண்டரில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் குண்டுகள் நிலைமத்தால் கூட்டைவிட்டு முன்னால் நகரும். ஒன்று சிலிண்டருக்கு வெளியே மூக்கை நீட்டினால் போதும், சிலிண்டர் சுழலாது, கரடி மட்டும் வந்துகொண்டிருக்கும். பித்தளைக் கூட்டின் வாயைக் குண்டின் காடிக்குள் அழுத்தமாக மடிப்பதோடு, கூடே குண்டை இறுக்கிப் பிடிக்கவும் வேண்டும். ஐந்து தோட்டாக்களைச் சுட்டுவிட்டு ஆறாவதன் நீளத்தை அளந்து பார்க்காதவர் அந்தத் தோட்டாவைக் காட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது.

மெதுவாகச் சுடச் சொல்கிறேன் என்றதும் மருந்தைக் குறைத்துக்கொண்டே போனால் பத்திரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எச்-110 போன்ற மெதுவாக எரியும் மருந்துகள் கூட்டை நிறைத்து முழு அழுத்தத்தில் எரிய வேண்டியவை. தயாரிப்பாளர் தந்த அளவிலிருந்து கணிசமாகக் குறைத்தால் ஒழுங்காகப் பற்றாது. குண்டு குழலிலேயே சிக்கி நிற்கும், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். மிதமான தோட்டாவுக்கு மிதமான மருந்து வேண்டும்; யூனிக், 2400 என்று அதற்கே இருப்பவற்றை எடுத்து, அச்சான கையேட்டின் தொடக்க அளவிலிருந்து தொடங்க வேண்டும். இதிலும் ஒரு பொறி உண்டு: வேகமாக எரியும் மருந்து பெரிய கூட்டில் பாதிகூட நிரம்பாது, தவறி இரண்டு முறை ஊற்றினாலும் கண்ணில் படாது. நிரப்பிய கூடுகளை எல்லாம் வரிசையாக வைத்து விளக்கடியில் எட்டிப் பார்க்காமல் ஒரு குண்டையும் அமர்த்தக் கூடாது.

.45 கோல்ட் விஷயத்தில் ஆபத்து இரட்டிப்பு. இந்தத் தோட்டாவுக்குத் தர அமைப்பு விதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு; .44 மேக்னத்துக்கு 36,000; .454க்கு 65,000. தடித்த ரூகர் ரிவால்வர்களுக்கு மட்டும் என்று கையேடுகள் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கின்றன. மேலே சொன்ன 310 கிரெயின் தோட்டா அந்தப் பக்கத்தைச் சேர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அதற்கும் தாத்தா காலத்துக் கோல்ட்டின் தோட்டாவுக்கும் வேறுபாடு தெரியாது. அந்தக் கோல்ட்டில் போட்டால் சிலிண்டர் பிளக்கும். நிக்கல் பூசிய கூட்டை வலுத்த தோட்டாவுக்கு மட்டும் ஒதுக்குவது நல்ல வழக்கம். .460 ஏற்கெனவே வாங்கிவிட்டவர் விற்கத் தேவையில்லை; .45 கோல்ட்டும் .454ம் அதே அறையில் பொருந்தும்.

உச்ச வேகம் துப்பாக்கியையும் விடுவதில்லை. இரும்பு உருவங்களைச் சுட்டுச் சாய்க்கும் போட்டிக்காரர்கள் 1970களின் கடைசியிலும் 1980களிலும் ஸ்மித் அண்ட் வெசனின் மாடல் 29இல் வலுத்த தோட்டாக்களை ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளினார்கள். சிலிண்டர் உதையில் பூட்டைவிட்டு நழுவத் தொடங்கியது. நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் உள்ளமைப்பையே வலுப்படுத்த வேண்டி வந்தது. அந்தப் போட்டியில் 200 மீட்டரிலிருக்கும் இரும்பு ஆட்டுக்கடாவைச் சாய்ப்பது உந்தம் என்பது அங்கே சுடுகிற எல்லாருக்கும் தெரியும். மானைச் சுட வரும்போது மட்டும் அதே ஆட்கள் அடி-பவுண்டு பேசுகிறார்கள். உந்தத்தை ஆற்றலின் சிம்மாசனத்தில் உட்கார வைக்கச் சொல்லவில்லை. இரும்பு சாய்வது வேறு, நுரையீரல் துளைபடுவது வேறு.

எதிர்த்தரப்பின் கையில் உருப்படியான வாதம் ஒன்றே ஒன்று மிச்சம்: நேர்ப்பாதை. 250 கிரெயின் குண்டை 1200 அடியில் அனுப்பி 50 கஜத்துக்குக் குறி சரிசெய்தால் 100 கஜத்தில் ஆறு அங்குலம் போலக் கீழே விழும். வேகமான தோட்டாவில் இந்தத் தலைவலி இல்லை, 200 கஜம்வரை கூடச் சுடலாம் என்கிறார்கள். உண்மைதான். அந்த 200 கஜத்துக்காக .460இன் எட்டங்குலக் குழல் ரிவால்வரைச் சுமக்கிறார்கள். எடை இரண்டு கிலோ, மேலே தொலைநோக்கி, முனையில் காதைக் கிழிக்கும் உதை தணிப்பான், சுடும்போது ஊன்றிக்கொள்ள ஒரு முக்காலி. இத்தனையும் சேர்ந்தால் இடுப்பில் தொங்கும் கைத்துப்பாக்கி என்ற ஒரே வசதியும் போயிற்று. 1895இல் சந்தைக்கு வந்த .30-30 தோட்டா 170 கிரெயின் குண்டை அதே 2200 அடியில்தான் எறிகிறது. அதைச் சுடும் வின்செஸ்டர் ரைஃபிளின் எடை மூன்று கிலோ, தோளில் அணைத்துச் சுடலாம், பழையது ஒன்று .460இன் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும்.